எதிர்க்கரைப் புகை

புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து கரியை வாளியில் அள்ளிக்கொண்டிருந்த ஹில்யா, மறுபடியும் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். மூடுபனி விலகிவிட்டிருந்தது. எதிர்க்கரையில் மஞ்சள் வீடு தெரிந்தது, பக்கத்தில் விறகுக் கொட்டகை தெரிந்தது, கூரைமேல் செங்கல் புகைக்கூண்டும் தெரிந்தது. புகையைத்தான் காணோம். நேற்றும் காணோம்.

அது அவளுடைய அக்கா சைமியின் வீடு. இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடமாகிறது. அம்மா இறந்த மறு கோடையில், இந்தத் தாய்வீட்டில் பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்த பெரிய ரொட்டி அடுப்பை இடித்துவிட்டு, ஹில்யா அடக்கமாக ஒரு கணப்பு அடுப்பு கட்டிக்கொண்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அந்த அடுப்புக்கு இருந்த பசி அதற்கு விறகு சுமந்தவளுக்குத்தானே தெரியும். சைமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, முற்றத்தில் கிடந்த செங்கல் குவியலைப் பார்த்து நின்றாள். "அம்மாவ ரெண்டாவது தடவையாப் பொதச்சுட்ட" என்றாள். ஹில்யாவும் சும்மா இருக்கவில்லை. "அவ படுக்கையில கெடந்தப்ப வராத கண்ணீரு செங்கல்லுக்கு வருதாக்கும்" என்று கேட்டுவிட்டாள். அத்தோடு சரி. கூட்டுறவுக் கடையில் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஒருத்தி மாவு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்வாள், மற்றவள் மீன் பக்கம்.

புகை விஷயம் மட்டும் வேறு. குளிர் தொடங்கிவிட்டால் சைமியின் கூண்டில் விடிவதற்கு முன்பே புகை எழும்பிவிடும். அதைப் பார்த்த பிறகுதான் ஹில்யா தன் அடுப்பில் தீக்குச்சி கிழிப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது, கண் தானாகப் போகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள்.

கூரைமேல் தடதடவென்று சத்தம் கேட்டது. புகைபோக்கி சுத்தம் செய்யும் ஏலிஸ், இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைக் கயிற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். நேற்று வருகிறேன் என்றவன் இன்றுதான் வந்தான். சூடான கூண்டில் அவன் கைவைக்கமாட்டான் என்பதால் அவள் அடுப்பும் இரண்டு நாளாகச் சில்லிட்டுக் கிடந்தது. ஹில்யா வெளியே போய் ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏலிஸு! மேல இருந்து ஏரி நல்லாத் தெரியுதா?"

"தெரியுதே. ரெண்டு வாத்து போகுது. புடிச்சுத் தரவா?"

"கிண்டல் வேணாம். எதிர்க்கர தெரியுதான்னு கேட்டேன்."

"எதிர்க்கரயா, எதிர்க்கர அக்காவா? தெளிவாச் சொல்லணும் ஹில்யாம்மா."

அவள் வாளியை ணங்கென்று கீழே வைத்தாள். ஏலிஸ் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். ஆனால் பல்லைத் தவிர மற்றதெல்லாம் கரியாக இருந்த அந்த முகத்தில் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

"பொக இல்லதான். ஆள் நடமாட்டமும் கண்ணுல படல. அந்தப் பக்கம் எனக்கு அடுத்த வாரம்தான் மொற. நீங்க ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன?"

"எனக்கென்ன வந்துது. சும்மா கேட்டேன்."

"சரி, சும்மாவே இருங்க. உங்க கூண்டு இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. மொதல்ல கொஞ்சமாத் தீ போடுங்க, எடுத்ததும் கட்டகட்டயாத் திணிச்சுராதீங்க." அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் ஹில்யா தொலைபேசியை எடுத்தாள். எண் மறக்கவில்லை. விரல்தான் ஒவ்வொரு இலக்கத்திலும் தயங்கித் தயங்கிச் சுழற்றியது. எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்றுதான் முதலில் யோசித்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்பது இப்போதுதான் உறைத்தது.

சைமிக்கு எழுபத்திரண்டு வயது. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த வீட்டு நிலவறைப் படிகளோ செங்குத்தானவை. அக்டோபர் பாதி தாண்டிய குளிரில் இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? பழுது பார்ப்பதாக இருந்தால் அவள் செப்டம்பரிலேயே பார்த்து முடித்திருப்பாள். எதையும் கடைசி நாளுக்கு விட்டுவைக்கிற பழக்கமெல்லாம் ஹில்யாவுடையது. அவள் கையைக்கூடக் கழுவாமல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு படகுக்கு ஓடினாள். ரோடு வழியாகப் போனால் ஏரியை முக்கால்வாசி சுற்ற வேண்டும்.

துடுப்புப் போடுகிறவளுக்கு முன்னால் இருப்பது விட்டு வந்த கரைதான். போகிற கரை முதுகுக்குப் பின்னால். ஹில்யா நாலு இழுப்புக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கூண்டு பெரிதாகிக்கொண்டே வந்தது, புகை மட்டும் வரவில்லை. ஐயோ, ஒன்பது வருடம், ஒரு அடுப்புக்காக, என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். ஞாபகம் வந்த பழைய ஜெபங்களையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னாள். தூங்குகிற மாதிரி கிடந்தால் போதும், வலித்துக் கிடந்திருக்கக் கூடாது என்று வேண்டியபோது, அக்கா செத்துவிட்டதாகத் தான் முடிவே கட்டிவிட்டது தெரிந்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

படகை மணலில் இழுத்துப் போடாமலே மேட்டில் ஏறினாள். வீட்டு முகப்பு தெரிந்தது. வாசற்கதவின் குறுக்கே பிர்ச் குச்சி விளக்குமாறு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஹில்யா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ஆள் இல்லை, வெளியே போயிருக்கிறேன் என்று வாசலில் விளக்குமாற்றைச் சாத்தி வைப்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம். நிலவறையில் விழுந்து கிடக்கிறவள் எழுந்து வந்து கதவுக்கு வெளியே விளக்குமாறு சாத்த முடியாது. தன் காலால் நடந்து, தன் கையால் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். "அடிப்பாவி" என்றாள் ஹில்யா உரக்க. "அடிப்பாவி, என் உசுர எடுத்துட்டியே." அழுத கண்ணோடு சிரித்தாள். கரி பிடித்த கையால் முகத்தைத் துடைத்ததில் ஏலிஸுக்குத் தங்கை மாதிரி ஆகியிருப்போம் என்று தோன்ற, இன்னும் சிரித்தாள். உடம்பில் இருந்த கனமெல்லாம் ஈரப் புல்லில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

விளக்குமாறு சாத்திய வீட்டுக்குள் யாரும் நுழைவதில்லை. ஹில்யா நுழைந்தாள். கேட்டுக்கொண்டு செய்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கு இருந்தது?

உள்ளே வெளியை விடக் குளிர். ஈரக் களிமண் வாசனை. கட்டில்மேல் வீட்டில் உள்ள போர்வைகள் எல்லாம் குவிந்திருந்தன, அவற்றின்மேல் ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு வேறு. அடுப்பைச் சுற்றித் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அடுப்பின் வாயைப் பெரிதாக்கிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். செங்கல் இடுக்குகளில் சாந்து இன்னும் கருத்து, ஈரமாக இருந்தது. இதில் எப்படித் தீ மூட்டுவது? அவ்வளவுதான் விஷயம். அப்புறம்தான் அந்த வாயில் பொருத்தியிருந்த இரும்புக் கதவைப் பார்த்தாள். இடது மூலையில் ஒரு நெளிசல். பத்து வயதில் ஹில்யா விறகுக் கட்டையைத் தவறவிட்டு உண்டாக்கிய நெளிசல். அம்மாவின் ரொட்டி அடுப்புக் கதவு. இடித்த வாரமே பழைய இரும்புக்குப் போட்டு அவள் தலைமுழுகிய கதவு.

ஜன்னலோரமாக ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். மேசை அறையின் நடுவில் இருக்க, இந்த நாற்காலி மட்டும் ஏன் ஏரியைப் பார்த்துத் தனியாகக் கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவளுக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டத்தின் நட்டநடுவில், அவளுடைய வீடு தெரிந்தது. அதன் புகைபோக்கி தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பியது.

சைமியின் தொலைபேசியை எடுத்தாள். தன் வீட்டு எண்ணை ஹில்யா இதற்கு முன் சுழற்றியதே இல்லை. முதல்முறை தப்பாகிவிட்டது. இரண்டாவது முறை, இரண்டு மணி அடிப்பதற்குள் எடுத்தார்கள். மறுமுனையில் மூச்சு வாங்கியது.

"யாரு?"

"வீட்டுக்காரி" என்றாள் ஹில்யா.

அக்காவின் குரல் வெடித்தது. "எங்கடி போய்த் தொலஞ்ச? ரெண்டு நாளாப் பொக இல்ல. அடிச்சுப் புடிச்சு வந்தா வாசல்ல வெளக்குமாறும் இல்ல, கதவு தெறந்து கெடக்கு, அடுப்பு சில்லுனு கெடக்கு, தரையெல்லாம் கரி. நெலவறைக்குள்ள எறங்கி உன் பேரச் சொல்லிக் கத்தினேன்டி. எனக்கு இருக்கற நெஞ்சுக்கு!"

"ஏலிஸு வந்தான், கூண்டு சுத்தம் பண்ண. நீ ஏன் மூட்டல?"

"சாந்து காயறவரைக்கும் தீக்குச்சி கிழிக்கக் கூடாதுன்னு கொத்தனாரு சொல்லிட்டான். செப்டம்பர்லயே வாடான்னேன். தொர கடமான் வேட்டைக்குப் போயிட்டாரு. காலைல சாந்து பாக்க வந்தான், அவன் வண்டியிலயே ஏறி வந்துட்டேன். நீ எதுல போன?"

"படகுல."

"இந்த வயசுல! இந்தக் குளுர்ல, ஒத்தையா! உனக்கு மூள கீள இருக்கா?"

ஹில்யா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது.

"அக்கா, இந்தக் கதவு…"

"நீ போட்ட எடத்துலதான் எடுத்தேன். இத்தன வருசமாக் கொட்டகையில கெடந்துச்சு."

"அக்கா, அன்னைக்கு நான்…"

"அன்னைக்குக் கதைய அப்புறம் வச்சுக்கலாம், சண்ட எங்க போயிரப் போகுது" என்றாள் சைமி. பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "உன் அடுப்பு சின்னதுதான், ஆனா நல்லா இழுக்குதுடி. பொகய அடைக்கற தகடு மொதல்ல அசையல. மேல ஒரு தட்டு தட்டி இழுத்தேன், வந்துருச்சு. கூண்டு நம்ம கூண்டுதானே." இரும்பு மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. "என் சாந்து காயறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், சொல்லிட்டேன். சக்கர எங்கடி வச்சுத் தொலச்சிருக்க? காபிக்குத் தண்ணி வச்சிருக்கேன்."

"நீல டப்பா."

"அது உப்பு."

"அப்ப நான் வந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி ஹில்யா ரிசீவரை வைத்தாள்.

வெளியே வந்து, விளக்குமாற்றை எடுத்துக் கதவின் குறுக்கே இருந்தபடியே சாய்த்து வைத்தாள். படகு கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. காலணி நனைய இறங்கி அதைப் பிடித்து ஏறிக்கொண்டாள். இப்போது அவள் வீடு முதுகுக்குப் பின்னால். காற்று அங்கிருந்துதான் வந்தது. அதில் பிர்ச் பட்டை எரிகிற மணம் இருந்தது. எதிரே சைமியின் மஞ்சள் வீடும் வாசலில் சாத்திய விளக்குமாறும் மெல்லச் சிறுத்தன. கூரைமேல் புகையே இல்லாத அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டே, ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பாமல், ஹில்யா அவசரப்படாமல் துடுப்புப் போட்டாள்.