இரண்டாவது கதவு

இரும்பு அலமாரியை அவள் தோளால் முட்டித் தள்ளத் தொடங்கியதும், அப்பாவின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் அழுகை சட்டென்று நின்றது. சாவு வீட்டில் சாமான் நகர்த்தி யாரும் பார்த்ததில்லை.

“என்னம்மா பண்றே?” என்றார் சித்தப்பா.

“பின்கதவைத் திறக்கணும், சித்தப்பா. ஒரு கை குடுங்க.”

“இப்பவா?”

“அப்புறம் திறந்து என்ன பிரயோஜனம்?”

சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். அலமாரி தரையைக் கீறியபடி நகர்ந்தது. பின்னால் இருந்த கதவின் தாழ்ப்பாள் துருவேறி மசிய மறுத்தது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, சுத்தியலால் நாலு போடு போட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம், கொல்லையில், அவளுடைய தம்பி காதைப் பொத்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். முப்பது தாண்டிய ஆள். டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா மேனேஜர் என்று பெயர் வைத்தார். காலையில் எழுந்ததும் வீட்டிலிருக்கும் ஸ்விட்சுகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான். எலக்ட்ரீஷியன் வீட்டில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது?

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. காலையில் உடலைக் கொண்டுவந்ததிலிருந்து வாசல் முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தை உரசிக்கொண்டு அவனால் வர முடியாது. அழுகைச் சத்தத்தில் நிற்கவும் முடியாது. மதியம் வண்டி வந்துவிடும். அதற்குள் அவன் அப்பாவைப் பார்த்தாக வேண்டும். அம்மா இறந்தபோது அவன் பார்க்கவில்லை. வருடக்கணக்காகச் சாயங்காலமானால் அம்மா வருவாளென்று வாசலில் போய் நின்றான். இன்னொரு முறை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அப்பாவின் கடைசி வருடங்களும் இவனுக்காகத்தான் ஓடின. இவனைப்போல வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த தியான இல்லத்தைக் கேட்டிருந்தார். பெற்றவர்கள் போன பிறகும் பிள்ளைகள் தங்க அறைகள், உதவிக்கு ஆட்கள், நடுவில் பிரார்த்தனைக் கூடம். “இவங்க மனசுக்கும் ஒரு இடம் வேண்டாமா?” என்பார். மணி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, இரைகிற ட்யூப்லைட் கிடையாது. எல்லாம் படிந்து வந்து ஒரே ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கூடத்துக்கு இரண்டாவது கதவு வேண்டும் என்றார் அப்பா. யாரையும் உரசாமல் வரவும், தாங்க முடியாதபோது யார் முகத்தையும் பார்க்காமல் போகவும் ஒரு வழி. இல்லத்தின் தலைவர் மசியவில்லை. “பழைய கல் சுவர், இடிக்க விடமாட்டேன். பிரார்த்தனைன்னா உக்காரணும். நடுவுல எழுந்து போறதுக்குத் தனியா ஒரு கதவா?” என்று முடித்துவிட்டார்.

தாழ்ப்பாள் ஒருவழியாக இளகியது.

“அந்த இல்லம், அது இதுன்னு எல்லாப் பேச்சும் அண்ணனோட போச்சு,” என்றார் சித்தப்பா, மூச்சு வாங்கியபடி. “இவனை எங்கயாவது சேத்துவிட்டுட்டு உன் பொழப்பப் பாரும்மா.”

“வியாழக்கிழமை கூட்டம் இருக்கு. அப்பா நாற்காலியில நான் உக்காரப் போறேன்.”

“இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள கூட்டமா?”

“ஆமா, சித்தப்பா.”

பிறகு அறையிலிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள். “எல்லாரும் கொஞ்ச நேரம் வாசல்ல இருங்க. தம்பி வரணும்.”

“அழக்கூடக் கூடாதா எங்க அண்ணனுக்கு?” என்றாள் அத்தை.

“அழுங்க அத்தை. வெளியில, மெதுவா. எனக்கும்தான் அழணும். நானே தள்ளிப்போட்டுட்டு நிக்கிறேன்.”

அத்தை அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

பின்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு அவளும் வெளியே வந்தாள். முன்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தால் அவன் வரமாட்டான். வண்டி வந்ததும் டிரைவருக்குச் சைகை காட்டி இன்ஜினை அணைக்க வைத்தாள். அப்போதுதான் இல்லத்தின் தலைவரும் வந்து சேர்ந்தார். நேராகக் கதவுக்கு வந்தார்.

“உள்ள தம்பி இருக்கான். அவன் முடிச்சதும் போங்க.”

“எவ்வளவு நேரமாகும்?”

“தெரியாதுங்க.”

யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட, தலைவர் கதவோரமாக உட்கார்ந்தார். உள்ளே வெறுங்கால் ஓசை கேட்டது. வந்தது, நின்றது, விடுவிடுவென்று வெளியே போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

“எழுந்து எழுந்து போயிடறாரே,” என்றார் தலைவர் மெல்ல.

“போறான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றானே, அதக் கேளுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அடுத்த முறை அந்தக் காலடி தரையை அழுத்தி மெதுவாக வந்தது. வந்தது போகவில்லை. நிழல் நகர்ந்து வெயில் தலைவரின் மடியில் விழுந்தது. அவர் ஸ்டூலை நகர்த்தவில்லை.

வெகுநேரம் கழித்துக் கால்கள் கொல்லைப் பக்கம் நடந்து போயின. தலைவர் எழுந்தார். “வியாழக்கிழமை வரும்போது ஒரு கொத்தனாரையும் கூட்டிட்டு வாம்மா. சுவர் தாங்குமான்னு அவர் பாத்துச் சொல்லட்டும்.”

“கூட்டிட்டு வர்றேன்.”

அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். கதவைத் திறந்தாள்.

அப்பாவின் கழுத்துவரை தம்பியின் போர்வை இழுத்துப் போர்த்தியிருந்தது. அவன் தூங்குவதற்காக, அறை அறையாகப் பிரித்து மணல் நிரப்பி அவள் தைத்துக் கொடுத்த போர்வை. அந்தக் கனம் மேலே இல்லாமல் அவனுக்குக் கண் மூடாது. யாரையும் தொடக்கூட விட்டதில்லை.

வண்டிக்காரர்கள் இருவர் குனிந்து தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். “என்னம்மா இது, இவ்வளவு கனம்? எடுத்துரலாமா?”

“வேண்டாம். அதோடயே கொண்டு போங்க.”

சித்தப்பாவும் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

தம்பியைத் தனியே விட முடியாதென்று அவள் போகவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே கெட்டியான துணியை எடுத்துத் தரையில் உதறி விரித்தாள். இரவுக்குள் இன்னொன்று தைத்தாக வேண்டும். கண்ணைத் துடைத்துவிட்டு அளவு பார்த்தாள். துணி சுருண்டு சுருண்டு வந்தது. தம்பி உள்ளே வந்து, எதிரே மண்டியிட்டு, மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான்.

அவள் கத்தரியை எடுத்தாள்.