பாட்டு மாற்றப் போன ஜெஸ்மி

குவைத்துக்கு விமானம் ஏற வேண்டிய நாளன்று காலையில், அப்பாவின் பாட்டுகளைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதிய கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்த ஜெஸ்மி, எட்டு வருஷம் கழித்துத்தான் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள். கதவை யாரும் பூட்டவில்லை. அவள் நிலைப்படியைத் தாண்டி வலது காலை எடுத்து வைப்பாள். அந்தக் கால் வராந்தாவில் ஊன்றாமல் திரும்பவும் அறைக்குள்ளேயே வந்து ஊன்றும். மற்றவர்களுக்கு அந்த வாசலில் ஒரு கோளாறும் இல்லை. அம்மா இசபெல் மூன்று வேளையும் சோற்றுத் தட்டோடு உள்ளே போய் வெறும் தட்டோடு வெளியே வந்தாள். பூனையும் இஷ்டம்போல் போய் வந்தது. அறையை ஒட்டியே கக்கூஸோடு ஒரு குளிமுறி இருந்தது நல்லதாகப் போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா யேசுரத்தினம் கூவைவிளையில் மைக்செட் வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சபையில் அசன விருந்து என்றாலும், எந்த வீட்டில் கல்யாணமோ அடக்கமோ என்றாலும், அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்கள்தான் தென்னைமரத்தில் ஏறும். அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல்யாணப் பாட்டும் ஒரு அடக்கப் பாட்டும் சொந்தமாக உண்டு. தங்கள் வீட்டு ஆட்களையே பாட வைத்துப் பதிந்து கொடுத்திருப்பார்கள். ஒரு வீட்டுப் பாட்டை மாற்றி இன்னொரு வீட்டில் போட்டுவிட்டால், அதைச் சரிசெய்கிற வரைக்கும் சவப்பெட்டியைத் தூக்க ஆள் வராது. இத்தனை பாட்டும் இருந்த பழைய கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் அணைய ஆரம்பித்ததால், நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் ஷாஜனிடம் புதிது ஒன்று வாங்கினார். நர்ஸ் படித்த மகளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக மத்தியானம் கார் வருவதாக இருந்தது. "மக்கா, போறதுக்கு முந்தி இதைக் கொஞ்சம் மாத்திக் குடுத்துட்டுப் போ" என்றார். ஜெஸ்மி மவுஸைத் தொட்டதும், திரையில் மீதி நேரம் நான்கு நிமிஷம் என்று காட்டியது.

நான்கு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் கூவைவிளையில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால், அங்கே இருக்கும் தங்கள் பிள்ளைக்கு ஒரு பொதி கொடுத்தனுப்பாத வீடு கிடையாது. ஜெஸ்மியின் பெட்டியிலும் முந்திரிக்கொத்தும் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் போக அவளுடைய துணிக்கு ஒரு மூலைதான் மிஞ்சியிருந்தது. அன்று பொதியோடு வந்தவர்கள், பாட்டுகளும் பயணம் புறப்பட்டிருப்பதைத் திரையில் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கிரேசிதான் ஓடிப்போய் முதலில் தங்கள் வீட்டுப் பாட்டு இருந்த ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தாள். "போறதுதானே பிள்ளே, இதையும் சேத்து விடு" என்றாள். யேசுரத்தினத்துக்கு முடியாது என்ற சொல் பிறந்ததிலிருந்தே வாயில் வந்ததில்லை. "வச்சிட்டுப் போ" என்றார். அடுத்த வீட்டிலிருந்தும் வந்தார்கள், அதற்கடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். நான்கு நிமிஷம் நாற்பது ஆயிற்று; கார் வந்து ஹாரன் அடித்தபோது இரண்டு மாதம் என்று காட்டியது. பெட்டியை எடுக்க எழுந்தபோதுதான் வாசல் தன்னை விடாது என்பது ஜெஸ்மிக்குத் தெரிந்தது. கார்க்காரர் இருட்டும் வரை நின்றுவிட்டுப் போனார். அதற்குள் திரையில் பதினோரு வருஷம் என்று வந்துவிட்டது. மறுநாள் அவரவர் கருவாட்டை அவரவர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். பென்டிரைவை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஷாஜன் வந்து பார்த்தான். "காப்பி பண்ணல்ல, கட் பண்ணிப் போட்டிருக்கு. பழசுல இருந்து எறங்கியாச்சு, புதுசுல ஏறல்ல. இப்பம் நிறுத்தினா நடுவழியில உள்ளது மொத்தமும் போச்சு" என்றான். நடுவழியில் நிற்பது யாருடைய பாட்டு என்று யாருக்கும் தெரியாததால், ஒவ்வொரு வீடும் தங்களுடையதுதான் என்று பயந்தது. ஜெஸ்மி எத்தனையோ தடவை அம்புக்குறியை நிறுத்து என்ற பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளே, எங்க அப்பாக்க சத்தம் அதுல மட்டும்தான் இருக்கு" என்று சொல்வார்கள். அவள் கையை எடுத்துவிடுவாள். அவளும் யேசுரத்தினத்தின் மகள்தானே.

மின்சாரத்தை வெட்டினால் சரியாகிவிடும் என்று சுசீந்திரத்திலிருந்து லைன்மேன் கோலப்பனைக் கூட்டிவந்தார்கள். அவர் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கினார். தெரு முழுக்க அணைந்தது, அந்த அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. கோலப்பன் ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். ஒக்கிப் புயலில் வாழையும் ரப்பரும் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தபோது, ஊரார் அந்த அறையில்தான் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்ட கொரோனா வருஷத்தில் ஜெஸ்மிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டினால் அவள் பிரஷர் பார்த்துச் சொல்வாள் என்பது ஊருக்கு வசதியாக இருந்தது. பிரஷர் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்த அறையிலிருந்தே வயர் இழுத்தார்கள். நடுவழியில் நின்ற பாட்டும் குழாயில் கேட்டது, இரண்டு வயல் தள்ளிப் பாடுவதுபோல. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஜெஸ்மிக்கு மட்டும் நெஞ்சு வெந்துகொண்டிருந்தது.

யேசுரத்தினம் இந்த எட்டு வருஷமும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் நின்றபடியே ஊரார் கொடுத்ததை உள்ளே நீட்டுவார். ஒரு மழைக்காலத்துக் காலையில் குவைத்துக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஜெஸ்மிக்குப் போன் வந்தது. முப்பத்தைந்து வயசு ஆகிவிட்டால் எடுக்கமாட்டார்கள், இதுதான் கடைசி என்றார்கள். அவளுக்கு முப்பத்துநாலு முடியப்போகிறது. அந்த நேரம் பார்த்து யேசுரத்தினத்தின் கை ஒரு பென்டிரைவோடு ஜன்னலுக்குள் வந்தது. அவள் அதை வாங்கவில்லை.

"அப்பா, ஒரு ஆளிட்டயாவது முடியாதுன்னு சொல்லுங்க. எனக்க ஜீவன் போகுது."

கை பென்டிரைவோடு ஜன்னலுக்கு வெளியே போயிற்று. பிறகு, "எனக்கு அது வரமாட்டேங்குது மக்கா" என்று கேட்டது.

அவர் வீட்டைச் சுற்றி வாசல் வழியே உள்ளே வந்தார். கதவோரத்தில் பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளை ஷூ இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு எத்தனையோ தடவை வாசல் வரை போயிருக்கிறாள். யேசுரத்தினம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு மண் இல்லை, கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஷூவை அவள் காலடியில் வைத்துவிட்டு, மவுஸின் மேலிருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"கையை உருவிக்க."

"நீங்க பொறவு வெளிய வர முடியாதுப்பா."

"எங்க போனாலும் நாலு பேரு நாலு வேலை சொல்லத்தான் போறாவ. அதை இஞ்ச இருந்து கேட்டா போதும். நீ போ."

ஜெஸ்மி கையை உருவினாள். ஷூவைப் போட்டுக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி வலது காலை வைத்தாள். அது வராந்தாவில் ஊன்றியது. இசபெல் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள்.

இரண்டு வாரத்தில் விசா வந்துவிட்டது. புறப்படுகிற அன்று கிரேசி, குவைத்தில் இருக்கும் மகனுக்கென்று அச்சப்பமும் கருவாடும் கட்டிய பொதியோடு கேட்டில் நின்றாள்.

"போறதுதானே பிள்ளே, இதையும்..."

"முடியாது மாமி" என்றாள் ஜெஸ்மி.

அந்த வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து கூவைவிளை அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கிரேசி கோபப்படவில்லை, நம்பமுடியாமல் பொதியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஜெஸ்மி சேற்றில் இறங்கி நடந்து போய்க் காரில் ஏறினாள். ஷூவில் ஒட்டிய மண்ணை விமானம் ஏறும்வரை துடைக்கவில்லை. கிரேசி பொதியோடு ஜன்னல் பக்கம் போனாள். "வச்சிட்டுப் போ" என்றார் யேசுரத்தினம். திரையில் மீதி நேரம் ஒரு வருஷம் கூடியது.

இப்போது குழாய் வேண்டுமென்றால் அந்த ஜன்னலில் போய்ச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஜெஸ்மி குவைத்திலிருந்து கூப்பிடுவாள்.

"இன்னைக்கு யாராவது வந்தாவளாப்பா?"

"ரெண்டு பேரு வந்தாவ."

"என்ன சொன்னீங்க?"

யேசுரத்தினம் அங்கே வெயில் எப்படி என்று கேட்பார். மவுஸின் பக்கத்தில் இரண்டு பென்டிரைவ் இருக்கும். அவள் அங்கிருந்து சிரிப்பாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் அழுவாள், பிறகு மாத்திரை போட்டாரா என்று கேட்பாள். போட்டேன் என்பார்.