இருபதாவது ஃபோல்டர்

"எதுலப்பா போட்டோ இருக்கு? ஒண்ணுலயும் பேரே காணோமே" என்று மகள் கேட்டபோது, அவர் ஃபிரேம் கடைக்காரரிடம் போனில் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குப் பதினாறு. ஒரு மணிக்குள் படம் வந்துவிட்டால் மூன்றரைக்குத் தந்துவிடலாம் என்றார் கடைக்காரர். நான்கு மணிக்கு மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நேற்று ராத்திரிதான் சேர்த்தார்கள்; காலை ஏழரைக்கே எல்லாம் முடிந்திருந்தது.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மகளின் பின்னால் போய் நின்றார். திரையில் பத்தொன்பது சிறிய படங்கள் இருந்தன. மரம், சாவி, நட்சத்திரம், அரை நிலா, பூட்டு. எதற்குக் கீழேயும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"அம்மாவுக்காகப் பண்ணினது" என்றார்.

முப்பத்திநான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். கம்ப்யூட்டர் அவளுடையது. அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்திய கை அவளுடையது. தன் கல்யாணப் பத்திரிகையையே இரண்டு திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பியவள். மாமனார் பெயரில் ஒன்று, தேதியில் ஒன்று. அவள் மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் விருந்தாளிகள் எல்லோரும் மறுநாள் வந்து இறங்கியிருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. மூன்று வாரத்தில் கை வந்தது, கால் வந்தது, பேச்சும் பழையபடி வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "எல்லாம் எழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா ஒண்ணுமே எழுத்தா இல்ல" என்றாள். சிலருக்கு இப்படி ஆகும், எழுத வரும், படிக்கத்தான் வராது என்று டாக்டர் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அவள் தன் பெயரை எழுதினாள். ஒரு சுழி பிசகவில்லை. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"நான் எழுதினத நானே படிக்க முடியலன்னா அது என்ன எழுத்து?"

காகிதத்தை நான்காக மடித்து டாக்டரின் குப்பைத் தொட்டியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் பேனாவைத் தொட்டு அவர் பார்த்ததில்லை.

பயிற்சி தருகிற பெண் வாரம் இரண்டு முறை எழுத்து அட்டைகளோடு வந்தாள். ஒரு நாள் அந்தப் பெண் போன பிறகு அவர் எட்டிப் பார்த்தார். மனைவி அட்டைகளை ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிற மாதிரிச் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். லிஃப்டில் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பழுதைத் தேடுகிற பொறுமையோடு தேடினார். வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல், அதில் கடைசி வரி, திறக்கிற பெட்டியில் கடைசிப் பக்கம். அங்கே ஃபோல்டரின் படத்தை மாற்றிக்கொள்ள முந்நூறு படங்கள் வரிசையாக இருந்தன. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். எதற்கு எந்தப் படம் என்று அவள்தான் சொன்னாள். கீழே பெயர் இருந்தால் கண்ணை உறுத்துகிறது என்றாள். பெயரில்லாமல் கம்ப்யூட்டர் விடாது. ஒரு விசையை அமுக்கிக்கொண்டே எண்களைத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழும், அதையே பெயராக எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். ஆனால் ஒரே பெயரை இரண்டுக்கு வைக்க முடியாது. ஆகவே இரண்டாவதுக்கு இரண்டு இடைவெளி, மூன்றாவதுக்கு மூன்று. பத்தொன்பதாவதுக்கு அவர் தட்டத் தட்ட அவள் எண்ணினாள்.

"பதினேழு. இன்னும் ரெண்டு மாடி ஏறுங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சிரிப்புத்தான். ஆனால் பயிற்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் படமாக்கிட்டா அவங்க எழுத்தைத் தேடவே மாட்டாங்க சார்" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். சொன்னபடி அட்டைகளும் நின்றுபோயின. அந்த ஒரு வாக்கியம் அவருக்குள் நெருஞ்சி முள்ளாகவே இருந்தது. மனைவியிடம் அதைக் கேட்கவும் இல்லை.

"அரை நிலா என்னதுப்பா?" என்றாள் மகள்.

"அது நீதான். பிறந்து எட்டு மாசம் எங்களத் தூங்க விடல."

மகள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஃபிரேமுக்கு எது?" என்றாள்.

அவர் தயங்கினார். நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் அவருடைய அக்கா அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து இரண்டு போன்களில் மாறி மாறி எல்லோருக்கும் தகவல் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது அக்காவுக்கு.

"அந்த ஒலிபெருக்கி" என்றார் மெதுவாக.

மகள் திறந்தாள். உள்ளே எல்லாம் அக்கா வீட்டில் எடுத்த படங்கள். அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, இது நானா?"

"அவதான் வச்சா. நீ வந்தா அடுத்த தெருவுக்கே பேப்பர் வேண்டாம்னு சொல்லுவா."

அக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரியாத்தான் வச்சிருக்கா" என்றார்.

ஏழாவது படத்தில் அவள் அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, எதையோ கேட்டு, வாயைப் பொத்திக்கொள்ள மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அதைக் கடைக்காரருக்கு அனுப்பினாள். மணி பன்னிரண்டே முக்கால்.

"எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல எடுத்துக்கறேம்ப்பா" என்று மவுஸை மூலையிலிருந்து மூலைக்கு இழுத்தாள். படங்கள் ஒவ்வொன்றாக நீலத்தில் எழும்பின. வலது கோடியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வெறும் கட்டம் ஒன்றும் நீலமானது.

"இங்க ஒண்ணு இருக்குப்பா. இருபது காட்டுது."

"பத்தொம்பதுதான்."

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார். இருபது. அந்த முந்நூறு படங்களின் நடுவே காலியாகச் சில கட்டங்கள் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. அப்போது ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருந்தார். அவள் அதில் ஒன்றைத் தேர்ந்திருக்கிறாள். எந்த வரி, எந்தப் பக்கம் என்று பத்தொன்பது முறை பக்கத்திலிருந்து பார்த்தவள், இடம் பார்த்தே செய்திருக்கிறாள். பெயருக்கு இருபது முறை தட்டியிருக்கிறாள். எண்ண ஆள் இல்லாமல்.

மகள் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"கடைசியா முந்தாநாள் சாயந்திரம் அஞ்சு பத்துக்குத் திறந்திருக்காங்க."

நாலரையிலிருந்து ஐந்தரை வரை அவர் நடக்கப் போகிற நேரம். கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது அவள் தினமும் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள்.

கோப்பு திறந்தது. நெருக்கமாக, பக்கம் பக்கமாக, தமிழ். மகள் முதல் வரிகளின் மேல் கண்ணை ஓட்டினாள்.

"அம்மாவாப்பா இது? இவ்வளவு தப்பா?"

விசைகள் அவளுக்கு விரலிலேயே இருந்தவை. திரையைப் பார்க்காமல் அடிப்பாள். ஆனால் அடித்ததைச் சரிபார்க்க முடியாதே. பாதி இடத்தில் புள்ளி விழவில்லை. அவர் குனிந்தார்.

*இனறு வெயில். அவர் நடக்கப போயிருக்கிறார். கீழ வீட்டில் குழநதை அழுகிறது. எழுத வருகிறது. சரியா எனறு தெரியாது.*

இன்னும் கீழே ஓரிடத்தில்:

*படஙகள் வந்தபின இதன முன உட்காரப பயம் இல்லை.*

அவர் அந்த வரியை விட்டு நகரவில்லை. இரண்டாவது முறை படிக்கப் பார்த்தபோது எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"நான் சரிபண்ணி அச்செடுத்துத் தரட்டுமாப்பா? அம்மா இதப் பார்த்தா மானம் போச்சும்பாங்க."

"வேண்டாம்மா. நீ வாய்விட்டுப் படி."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். "இன்று வெயில். அவர் நடக்கப் போயிருக்கிறார்..."

"அப்படி இல்ல" என்றார். "எப்படி இருக்கோ அப்படியே படி."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, முதலிலிருந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "இ-ன-று வெயில். அவர் நடக்கப-போயிருக்கிறார்." புள்ளி இல்லாத இடங்களில் சொல் கொஞ்சம் இழுபட்டு நின்றது.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடம் வைக்கிற சத்தமும் பேச்சும் மேலே ஏறி வந்தன. அக்கா கட்டிலிலிருந்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கொண்டி போட்டுவிட்டு, சத்தம் வராமல் நடந்து வந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.