நிழலரசியின் வெள்ளை அங்கி

நாயகனின் ரப்பர் உடுப்பைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முதுகுப் பக்கத்து ஜிப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கால் வழியாக உரிக்க வேண்டும். மலையைப் பெயர்த்து எறிகிற மகாவீரன் அந்த நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் இழுங்க, அவசரம்" என்று கெஞ்சுவான். அவன் உலகத்தைக் காப்பாற்றுவதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. அவனை பாத்ரூமுக்கு அனுப்பிக் கூட்டிவருவது எவ்வளவு பெரும்பாடு என்பது உடையறைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்த உடுப்பை இழுத்து இழுத்தே சின்னவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. யூனிட்டில் அவள் காஸ்ட்யூம் மேடம். சின்னவள் என்பது பிறந்த வீட்டுப் பெயர். அம்மா இருந்தவரை அம்மா கூப்பிட்டாள். இப்போது அப்படிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அந்த அக்காவும் அவளோடு பேசி வருஷக்கணக்காகிறது. காரணம் சொத்தும் இல்லை, சுகமும் இல்லை. இந்தப் பாழாய்ப்போன டிவி தொடர்தான்.

அம்மா இறந்த அன்று நடந்தது அது. டாக்டரைக் கூட்டிவந்தது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பியது, நாற்காலி போட்டது எல்லாமே அக்கா. சின்னவள் ஒரு மூலையில் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள். வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத சித்தி, "பெத்தவ போயிட்டா, உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலயாடி?" என்று கேட்டாள். கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்காமலே அக்கா சொன்னாள்: "நான் அழுதா இங்க யாரு வேல பாக்குறது?"

பக்கத்தில் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றது சின்னவளின் புருஷன். அவன் பிழைப்பே கதை எழுதுவது. எழுதுகிறவன் காது சும்மா இருக்குமா?

அடுத்த வருஷம் அவன் எழுதிய தொடர் ஆரம்பமானது. முதல் சீசனில் வில்லி நிழலரசி, செத்துக்கிடக்கும் தம்பியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் அழுதால் இந்த ராஜ்யத்தை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வசனம் பற்றிக்கொண்டது. ரிங்டோனாக வந்தது, பனியனில் வந்தது. கணக்கு டீச்சரான அக்கா போர்டுப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் அதே வசனத்தை இழுத்து இழுத்துச் சொல்லும். பிள்ளைகளுக்கு அது யார் வாயில் பிறந்த வார்த்தை என்று தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அதோடு விட்டதா? நிழலரசியின் கறுப்பு அங்கிக்குக் கழுத்தை ஒட்டிய காலர், முழங்கை வரை மடித்துவிட்ட கை. அக்கா சட்டை போடுகிற அதே விதம். சின்னவள் வேண்டுமென்று வரையவில்லை, பென்சில் தானாகப் போனது. ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அக்கா போனில் சுருக்கமாக முடித்தாள். "அவரு என் வாயத் திருடினாரு. நீ என் சட்டையத் திருடிட்ட. நல்ல ஜோடிதான்."

மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது சின்னவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. "கடைசியில நிழலரசி திருந்திடுவா. சண்டையெல்லாம் விட்டுட்டு தங்கச்சி வீட்டுக்கு வந்து நிப்பா. அதான் முடிவு. சத்தியம்" என்றான்.

அந்த ஒரு சத்தியத்தை நம்பித்தான் சின்னவள் சாயத்தில் கை வைத்தாள். ஒவ்வொரு சீசனுக்கும் அங்கியின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கறுப்பு, புகைக் கறுப்பு, சாம்பல், வெளுத்த சாம்பல். டைரக்டர்கூடக் கவனிக்கவில்லை. லைட்டிங் பிரமாதம் என்று கேமராமேனைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

சாம்பல் வந்த வருஷம் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "வெளுத்துக்கிட்டே வரேன் போல."

சின்னவள் பதில் அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள், அழித்தாள். கடைசியில் எதையும் அனுப்பவில்லை. அடுத்த சீசனுக்கு இரண்டு படி கூடுதலாக வெளுக்கவைத்தாள். பதில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை.

கடைசி சீசனும் வந்தது. இறுதிக் காட்சிக்கு நல்ல கனமான பருத்தியில் தூய வெள்ளை அங்கி தைக்கச் சொன்னாள். தங்கை வீட்டு வாசலில் நிழலரசி பறந்துவந்து இறங்க வேண்டும், கம்பியில் கட்டித் தூக்கப்போகிறார்கள், சாதாரண நூல் தாங்காது, பாலியஸ்டர் நூல் போடுங்கள் என்று டெய்லர் மாஸ்டரிடம் சொன்னதும் அவளேதான். காலரை மட்டும் மாஸ்டரிடம் கொடுக்காமல் அதே நூலில் தானே தைத்தாள்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள், இரண்டு காகிதக் கப்பில் டீயோடு புருஷன் உடையறைக்கு வந்தான். அவன் டீ கொண்டுவந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"என்ன, கவனிப்பு பலமா இருக்கு?"

"கிளைமாக்ஸ மாத்திட்டாங்க."

"மாத்திட்டாங்களா, மாத்திட்டீங்களா?"

அவன் தொங்கிக்கொண்டிருந்த உடுப்புகளுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவனும் தூங்கி நாளாயிருக்கும். "சேனல்ல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. வில்லி திருந்திட்டா சப்புனு ஆயிடுமாம். அவ சாகணுமாம். முதல் சீசன்ல வந்த மாதிரியே கறுப்புல."

"அக்கா இதப் பார்ப்பா."

"தெரியும்."

"ஒரு வாரம்கூட விடாம பாக்குறா."

"தெரியும்னுதான் சொல்றேன். நான் என்ன செய்யட்டும்? எழுதி எழுதி எனக்கும் அலுத்துப்போச்சு. நான் மாட்டேன்னா வேற ஆள வெச்சு எழுதிக்குவாங்க."

சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். சின்னவள் டீயைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது. அவன் எழுந்து போகும்போது வெள்ளை அங்கியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்கு அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. அதுவே பெரிய அலுப்பாக இருந்தது.

முதல் சீசன் கறுப்பு அங்கியை எப்போதோ வெட்டி, அடியாள் பூதங்களுக்கு முகமூடி தைத்தாகிவிட்டது. "புதுசா தைக்க நேரம் ஏது மேடம்? விடிஞ்சா ஷூட்டிங்" என்றார் மாஸ்டர். வெள்ளையைக் கறுப்பாக்குவதைத் தவிர வழியில்லை.

பின்கட்டில் பெரிய அண்டாவை ஏற்றினார்கள். தண்ணீர் கொதித்ததும் சாயப் பொடியும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்னவளே அங்கியை உள்ளே இறக்கினாள். துணி ஒரு நொடி மேலே மிதந்தது. கழியால் அமுக்கிக் கிண்டினாள். இத்தனை வருஷம் ஒவ்வொரு படியாக வெளுக்கவைத்தது ஒரு கொதியில் போய்விட்டது. நீராவியில் கண் எரிந்தது. நல்லவேளை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

காலையில் வந்து கொடியில் காய்ந்த அங்கியைப் பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை. துணி அட்டைக் கறுப்பு. தையல் மட்டும் பளீரென்று வெள்ளை. கை, இடுப்பு, ஓரம் என்று ஒரு தையல் பாக்கியில்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. பருத்தி சாயத்தைக் குடிக்கும், பாலியஸ்டர் நூல் குடிக்காது. இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம். இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். மூளை அந்த அளவுக்குக் களைத்துப்போயிருந்தது.

"மேடம், நூலு..."

"பாத்துட்டேன் மாஸ்டர். மார்க்கர் எடுங்க."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கறுப்பு மார்க்கரால் தையல் தையலாகப் பூச ஆரம்பித்தார்கள். ஓரம் முடிந்தது, கைகள் முடிந்தன, இடுப்பும் முடிந்தது. அதற்குள் உதவி டைரக்டர் வாசலில் நின்று கத்தத் தொடங்கிவிட்டான்.

நிழலரசியாக நடிக்கிற அம்மாள் மூட்டுவலிக்காரர். திரையில் ஊரை எரிப்பார், உடையறையில் நீக்கேப்பைத் தேடுவார். அவருக்கு அங்கியை மாட்டிவிட்டு, மிச்சமிருந்த காலருக்காகச் சின்னவள் மார்க்கரோடு நெருங்கி நின்றாள்.

"சீக்கிரம்மா, நிக்க முடியல."

கழுத்துக்குக் கீழே, தன் கையால் போட்ட தையல். பொடிப்பொடியாக, நேராக. மார்க்கர் நுனி துணிக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது.

"விடுங்க மேடம், புகையில ஒண்ணும் தெரியாது" என்றான் உதவி டைரக்டர்.

சின்னவள் மார்க்கரை மூடினாள். இதைப் பெரிய எதிர்ப்பு, புரட்சி என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். முடியவில்லை, விட்டுவிட்டாள்.

கடைசி எபிசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. புருஷனும் பெண்டாட்டியும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாயகன் பறந்தான், அடித்தான், அறிவுரை சொன்னான். நிழலரசி கம்பியில் உயரப் போய்க் கீழே விழுந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் புகை விலகியது. முகம் திரை முழுக்க வந்தது. கழுத்தோரம் முழுக்க வெள்ளைத் தையல்.

"அது என்ன, காலர்ல?"

"நூல்."

"வேணும்னு விட்டியா?"

"முடியல, விட்டேன்."

நிழலரசி கண்ணை மூடினாள். ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அக்காவின் நம்பர். சின்னவள் எடுத்தாள்.

"அக்கா."

"நூல் தெரியுது."

இத்தனை வருஷம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை.

"காலர்ல பளிச்சுனு தெரியுது. சாயம் இந்த நூல்ல ஏறாதுன்னுகூட மறந்துபோச்சா? என் ஸ்கூல் சட்டைக்கு நீலச் சாயம் போட்டு உனக்கு மாட்டி விட்டோமே, அப்பவும் இப்படித்தான இளிச்சுது?"

"மறந்துட்டேன்க்கா. ரொம்ப அசதி."

"கறுப்புத் துணிக்கு யாராவது வெள்ள நூல் போட்டுத் தைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப துணி வெள்ளையா இருந்திருக்கு."

சின்னவள் சோபாவின் அந்த ஓரத்தில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல? வெள்ளையாத்தான தைச்ச?"

"வெள்ளையாத்தான்க்கா. கடைசி சீனுக்கு. நீ என் வீட்டுக்கு வர்ற மாதிரி."

புருஷன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"அப்புறம் ஏன் சாகடிச்சீங்க?"

"சேனல்ல..."

"சேனல்காரன் வந்து உன் புருஷன் கையப் புடிச்சா எழுதினான்? அவரு பக்கத்துலதான இருக்காரு? நான் கேட்டேன்னு சொல்லு."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவன் எழுந்தான், எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் உட்கார்ந்தான்.

அதன்பிறகு போனில் ஏதோ கரகரப்பு. லைன் சரியில்லை என்று நினைத்து ஜன்னல் பக்கம் போனாள் சின்னவள். அங்கேயும் அதே சத்தம்தான். விட்டு விட்டு வந்தது. பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் கேட்டேயிராத சத்தம்.

"அக்கா? அழறியா?"

"அழுதா என்ன இப்ப?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழம. வேல ஒண்ணும் இல்ல."

சின்னவள் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அக்கா அழுது முடிக்கிறவரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.