முத்தாரம்மன் கிணற்று உண்ணி

உண்ணி என்றால் நாயின் காதில் இருப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஜனங்களிடம் பேசிப் பேசியே என் தொண்டை போய்விட்டது. தண்ணீரிலும் உண்ணி உண்டு. குண்டூசித் தலை அளவு இருக்கும். எட்டுக் கால். யாரையும் கடிக்காது, கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வகை பிரிப்பதும், எந்த வகை எந்த ஆற்றில், எந்தக் குளத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதும்தான் என் வேலை. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன், சம்பளம் அதற்குத்தான். உண்ணி என் சொந்தக் கிறுக்கு. ‘இதனால என்ன பிரயோஜனம்?’ என்று என்னைக் கேட்காத ஆள் செம்பூரிலிருந்து தாராவி வரை ஒருவர்கூட மிச்சமில்லை.

கடைசியில் ஒரு பிரயோஜனம் வந்தது. வந்த விதம்தான் வயிற்றெரிச்சல்.

தாராவியில் எங்கள் தெரு முத்தாரம்மன் கோவிலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருவே அங்கேதான் குடத்தோடு நிற்கும். கொசு வளர்கிறது, கிணற்றை மூடப்போகிறோம் என்று வார்டு ஆபீஸிலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கோவில் கமிட்டித் தலைவர் அய்யாத்துரை, என் அம்மாவின் தம்பி. தோல்பைப் பட்டறையைப் பாதியில் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

“ஏட்டி செல்வி, நம்ம கெணத்துல ஒரு செவப்புப் பூச்சி புடிச்சியே, ஒலகத்துலயே வேற எங்கயும் கெடையாதுன்னு குதிச்சியே. அத வச்சி இவனுவள நிப்பாட்ட முடியுமாட்டி?”

குதித்தது உண்மைதான். புத்தகங்களையெல்லாம் புரட்டி, வயிற்றுத் தட்டில் கிண்ணம் கிண்ணமாக இருக்கும் குட்டிக் குழிகளை எண்ணி, காலில் இருக்கும் மயிரை எண்ணி, இது புதிய வகை என்று முடிவு கட்டியிருந்தேன். என் வரைபடத்தில் அதற்கு ஒரே ஒரு புள்ளி, தாராவியில்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். ஷ்ரவண் என்று ஒரு இன்ஜினியர். பொறுமையாகக் கேட்டார். இந்தியில் சொன்னார்: “மேடம், இது இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது, வேறு எங்கேயும் இல்லை என்று நோட்டீஸ் மீதான விசாரணையில் நீங்கள் சொல்லுங்கள். ஃபைலை மேலே அனுப்பி மூடுவதை நிறுத்துகிறேன். இல்லையென்றால் மூடத்தான் வேண்டும்.”

இதற்குமேல் ஒரு மனுஷர் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும்? பேசாமல் விசாரணை நாள் வரை காத்திருக்க வேண்டியதுதானே? எங்கள் ஆட்களுக்கு அது ஆகாது. ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். எருமை மாட்டு அளவுக்கு உண்ணி, பக்கத்தில் என் காலேஜ் ஐடி கார்டு போட்டோ, கீழே ‘உலகிலேயே எங்கள் அம்மன் கிணற்றில் மட்டும்!’ அதற்கு மாலை வேறு. என் அம்மா ஆறுமுகத்தாய் கையில் குங்குமத்தோடு ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றுகொண்டு, “இதுக்குக் கண்ணு எங்கட்டி இருக்கு? பொட்டு வைக்கணும்லா,” என்று என் உயிரை வாங்கினாள். அதற்குத் திறப்பு விழா. மாமா மைக்கைப் பிடித்தார்.

“ஆத்தா நம்மளச் சும்மா விடுவாளா? வருசா வருசம் கோயில் கொடைக்கு ஊர்லருந்து தாமிரபரணித் தண்ணி கொண்டாந்து, அபிசேகம் போக மிச்சத்த இந்தக் கெணத்துலல்லா ஊத்துதோம்! அந்தப் புண்ணியம் வீணாப் போவுமா?”

எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கைப் பிடுங்காத குறையாக மாமாவை ஓரமாக இழுத்துப்போனேன்.

“என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“ஆத்துத் தண்ணிதான். தீர்த்தத்தச் சாக்கடையிலயா ஊத்துவாக?”

“வடிகட்டியா ஊத்துனீங்க?”

“தீர்த்தத்த எவனாவது வடிகட்டுவானாட்டி? படிச்சவ பேசுத பேச்சா இது?”

“எவ்வளவு காலமா?”

“கோயில் கட்டுன நாள்லருந்து. ஏன், நீயே ஊத்தியிருக்கியே! மஞ்சப் பாவாட கட்டி, கொடத்தத் தலையில வச்சி, ஒன்னயத்தானே ஊத்தச் சொன்னோம். பாதியச் சிந்திட்டேன்னு ஒங்கம்மா முதுகுல ரெண்டு வச்சாளே, மறந்துட்டியா?”

தலையில் அடித்துக்கொண்டேன். மலை மலையாக ஏறி, ஓடை ஓடையாக வலை போட்டு, அட்டைக் கடி வாங்கித் தேடியவள் நான். கடைசியில் இந்த உண்ணியைப் பம்பாய்க்குள் கொண்டுவந்து விட்டதே நான்தான் போலிருக்கிறது.

அப்போதும் ஒரு நப்பாசை. தாமிரபரணியில் ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு உண்ணியைப் பிடித்து எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் போட்டிருந்த படத்தில் இரண்டு கிண்ணம் குறைவு, அதனால்தான் என்னுடையது வேறு என்று நினைத்திருந்தேன். அந்த உண்ணியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவைத்த பழைய ஸ்லைடு கொல்கத்தா மியூசியத்தில் இருக்கிறது. அதன் போட்டோவைக் கேட்டு வரவழைத்துப் பார்த்தேன். ஸ்லைடில் கிண்ணங்கள் எல்லாமே இருந்தன. படம் வரைந்த புண்ணியவான் இரண்டை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனை உட்காரவைத்துக் கேட்கலாம் என்றால் ஆளே இல்லை. ஆக என்னுடையது புதுசும் இல்லை, தாராவிக்காரனும் இல்லை.

மாமா அசரவில்லை. “அந்த ஸ்லைடு கொல்கத்தாவுல கெடக்கு. நீ பாட்டுக்கு இங்க மட்டுந்தான் இருக்குன்னு சொல்லிரு. எவன் போயி பாக்கப் போறான்?”

“நான் பாப்பேன் மாமா. காலத்துக்கும் அந்தப் புள்ளியப் பாத்துக்கிட்டு இருக்கப்போறது நான்தானே.”

சண்டை போட்டுக்கொண்டேதான் இரண்டு பேரும் ஊருக்கு ரயில் ஏறினோம். ஆற்றில் அது இப்போதும் இருக்கிறதா என்று பார்க்காமல் விசாரணைக்குப் போக எனக்கு மனசில்லை. கொடைத் திருவிழாவுக்குத் தண்ணீர் மோக்கும் படித்துறையை மாமா காட்டினார். ஷாம்பூ பாக்கெட், சோப்பு நுரை, பரிகாரம் செய்தவர்கள் ஆற்றோடு விட்ட வேட்டி, சேலை. வலை போட்டால் பாவாடை வருகிறது. படித்துறைக்கு மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், அக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். லீவு தீரும் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். சிவப்பாக ஒன்றுகூட வரவில்லை. முதல் நாள் கரையில் உட்கார்ந்து கேலி செய்துகொண்டிருந்த மாமா, அடுத்த நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார்.

“இங்கயுமா இல்ல?” என்றார் கடைசியில்.

“காட்டு ஓடை வந்து சேருற மேற்பக்கம் தண்ணி சுத்தமா இருக்கு மாமா. ஆனா அங்கயும் இல்ல.”

விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இது தாமிரபரணி உண்ணி, எங்கள் ஜனங்கள் கொண்டுவந்த தண்ணீரில் வந்தது, ஆற்றில் நான் தேடிய இடத்தில் இப்போது இல்லை, நான் பார்த்தவரை உயிரோடு இருப்பது இந்தக் கிணற்றில்தான். சுத்தமான தண்ணீரில்தான் பிழைக்கும், ஆகவே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கொசுப்புழுவையும் அது தின்கிறது என்றும் சொன்னேன். ஷ்ரவண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்: “எந்த வருஷம் வந்தது? ப்ரூஃப் இருக்கிறதா?”

குடிசைக்குப் பதிலாக வீடு வேண்டுமென்றால் இன்ன வருஷத்துக்கு முன்னால் பம்பாய்க்கு வந்தோம் என்று எங்கள் ஆட்கள் காட்ட வேண்டும். நாள் முழுக்க அதையே கேட்டுக் கேட்டு அவருக்கு வாய்ப் பழக்கமாகிவிட்டது. கிண்டல் இல்லை. ஆனால் மாமாவுக்கு அது எங்கே புரியப்போகிறது? வந்ததே கோபம்!

“அரே சாப்! எங்ககிட்ட கேட்டிய, காட்டுனோம். ரேஷன் கார்டு காட்டுனோம், கரண்ட் பில்லு காட்டுனோம், செத்துப்போன எங்கய்யாவோட வோட்டுச் சீட்டு வரைக்கும் காட்டுனோம். இப்ப உண்ணிக்குமாய்யா ப்ரூஃப் கேக்கிய? அது என்னத்தய்யா காட்டும்? எட்டுக் காலத்தான் காட்டும்!”

‘சாப்’ என்பதைத் தவிர ஷ்ரவணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க எனக்கு மனசில்லை.

“தப்பாக நினைக்காதீர்கள் மேடம். இந்த இடத்துக்குச் சொந்தமானதற்குத்தான் ரூலில் இடம் இருக்கிறது. இது வெளியிலிருந்து வந்தது. மழை முடியும் வரை மூடாமல் வைத்திருக்கிறேன், அதற்குள் அதன் ஊருக்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.”

இவ்வளவு மரியாதையாக ஒருவர் வெளியே போ என்று சொன்னால் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அழுகையாக வந்தது. அந்த அழுகையின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா பிடித்துக்கொண்டாள். “ஊரெல்லாம் பொய் சொல்லி ஃப்ளாட் வாங்குது. ஒரு கெணத்துக்கு ஒரு பொய் சொல்ல ஒனக்கு வாய் வரலியேட்டி. இவ்வளவு படிச்சி என்னத்துக்கு?” அன்றைக்குத் தெருவில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஃப்ளெக்ஸை மட்டும் யாரும் கழற்றவில்லை. உண்ணியும் நானும் மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றோம்.

மழை ஓய்ந்தது. தண்ணீரை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் ஊற்றாதீர்கள் என்று இத்தனை நாளாக வகுப்பில் கத்திக்கொண்டிருந்தவள், கிணற்றடியில் குந்தி கேன்களை நிரப்பினேன். காற்று போக மூடியில் ஓட்டை, ஓட்டைக்கு மேலே மெல்லிய துணி, உள்ளே தின்பதற்குக் கொசுப்புழு. சூடு ஏறாமல் இருக்க கேனைச் சுற்றி ஈரச் சாக்கு. விசாரணையிலிருந்து என்னோடு பேசாத மாமாதான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசி வாளி வந்ததும் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “கெளம்பு,” என்றார்.

தாதரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினோம். சீட்டுக்கு அடியில் வைத்தால் யாராவது உதைத்துவிடுவார்கள் என்று ஒரு கேனை மாமாவும் ஒரு கேனை நானும் மடியில் வைத்துக்கொண்டோம். கல்யாணில் ஒரு அக்கா ஏறி எதிரே உட்கார்ந்தாள். டோம்பிவிலியில் வீடு, சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். வண்டி நகர்ந்ததும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எங்களிடம் நீட்டினாள். கேனைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தீர்த்தமா? ஊர்லருந்து கொண்டாந்ததாக்கும்?”

“இல்லக்கா. ஊருக்குக் கொண்டு போறோம்.”

“பம்பாய்த் தண்ணியவா? நல்ல கூத்தா இருக்கே!”

மாமா மூடியைத் திறந்து, கேனை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். சின்னச் சின்னதாகச் சிவப்பு, ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“இவிய நம்ம ஆத்துக்காரவிய. ரொம்ப காலத்துக்கு முன்னால இங்க வந்துட்டாவ,” என்றார். “இப்ப இங்க எடமில்லன்னுட்டான். அதான் மேற்பக்கத்துக் காட்டு ஓடையில கொண்டு போய் விடப் போறோம்.”

அந்த அக்கா சிரிக்கவில்லை. குனிந்து கேனுக்குள் பார்த்தாள். பிறகு, ரயிலில் எங்கள் ஆள் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியை, அதே குரலில் கேட்டாள்.

“ஊர்ல இவியளுக்கு யாரு இருக்கா?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

“யாரும் இல்லக்கா. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”