நூற்று நான்காம் படகின் வெள்ளித் தகடு

விட்ஸ்கோ சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், இத்தாலிக்காரனுக்கு மீன் பிடிக்கக்கூட ஒரு படகு மிஞ்சியிருக்கக் கூடாது. படித்துறைக் கடையில் ஒரு குவளை ராக்கியாச் சாராயம் உள்ளே போனால் போதும், நூற்று நான்காம் எண் டார்பிடோ படகு நீராவி கட்டிக் கிளம்பிவிடும். நாலு வருஷ யுத்தத்தில் அந்தப் படகு பெரும்பாலும் செய்தது நிலக்கரிக் கப்பல்களுக்குத் துணை போனதும், கண்ணிவெடி வாரியதும்தான். இது ஊருக்குத் தெரியும். அவன் எழுதிய கடிதங்களை அவன் பெண்டாட்டி ஃபிலே கிணற்றடியில் வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள், ஒரு வரி விடாமல்.

ஆனால் ஒரு கப்பல் விஷயத்தில் யாரும் அவனை மறுத்துப் பேசியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் வசந்தத்தில், அல்பேனியக் கரையோரம், ஒரே டார்பிடோவில் ஓர் இத்தாலியச் சரக்குக் கப்பல் காலி. டார்பிடோக் குழாய்க்குப் பொறுப்பு விட்ஸ்கோ. அதற்காக ஆஸ்திரியச் சக்கரவர்த்தி வெள்ளிப் பதக்கம் கொடுத்தார். இன்று சக்கரவர்த்தி இல்லை, பதக்கம் இருக்கிறது.

அன்றைக்கே மாதாவுக்கு ஒரு வெள்ளித் தகடு தருவதாக நேர்ந்துகொண்டதாக, யுத்தம் முடிந்து வந்து இறங்கியதும் அவனே ஊரில் சொன்னான். எதிரே தீவில் இருக்கிற மாதா கோயிலின் சுவரெல்லாம் வெள்ளித் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கப்பல், ஓர் ஆபத்து, மூலையில் மேகத்துக்குள் மாதா. விட்ஸ்கோ வம்சத்துக்கு அங்கே மூன்று தகடு உண்டு. நாலாவதுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு வருஷமாக வெறுஞ்சுவர். கோயில் பெருக்கப் போகிற பெண்கள் முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பீடத்தைப் பார்ப்பார்கள்.

இந்தக் கோடையில் மூத்தவன் லூக்காவுக்குத் திரியெஸ்தே துறைமுகத்துப் பாய்க்கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. ஜூலைத் திருவிழா முடிந்ததும் புறப்பாடு. ஃபிலே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, மாதாவுக்கு நேர்ந்ததைச் செய்யாம பிள்ளையை எந்தத் தைரியத்துல கடலுக்கு அனுப்பச் சொல்றீங்க? தகடு தொங்கட்டும், அப்புறம் அவன் பெட்டியைக் கட்டறேன்."

பையனின் பிழைப்பு அந்தத் தகட்டில் போய் மாட்டிக்கொண்டது. விட்ஸ்கோ ஒரு படம் வரைந்தான். இரண்டாகப் பிளந்து எரிகிற சரக்குக் கப்பல், பக்கத்தில் கீறல்கூட இல்லாமல் நூற்று நான்கு. அதை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியார் தோன் ஸ்ரெச்கோவிடம் போனான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீ இத்தாலிக்காரனுக்குச் செஞ்சது தெரியுது. மாதா உனக்குச் செஞ்சது எங்கப்பா? இந்தச் சுவத்துல ஒருத்தனும் ஜெயிச்சதைத் தொங்கவிடல. தப்பிச்சதைத்தான் தொங்கவிட்டிருக்கான்."

என்ன ஆபத்து என்று எழுதி, கூட இருந்த ஒருத்தர் கோயில் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

கூட இருந்தவன் என்றால் ஊரில் பாஷ்கோ ஒருவன்தான். நூற்று நான்கில் கரி அள்ளிப் போட்டவன், இப்போது தீவுக்கு ஆள் ஏற்றித் துடுப்புப் போடுகிறான். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் வேறு வேறு ஊர். தீவுக்குப் போகிற வழியில், நடுத்தண்ணீரில் விட்ஸ்கோ படத்தை நீட்டினான். பாஷ்கோ துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தான்.

இனி நடந்ததைச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்தில் புதுப் படகைத் தண்ணீரில் விடும்போது சுக்கானில் மாதா உருவம் பொறித்த சின்னச் சுரூபம் ஒன்றைக் கம்பியால் கட்டாமல் விடமாட்டார்கள். பதினாறாம் வருஷம் அந்தக் காலையில் விட்ஸ்கோ, யாருக்கும் தெரியாமல், அப்படி ஒன்றை டார்பிடோவின் வால் சுக்கானில் கட்டியிருந்தான். கம்பி சுக்கானில் சிக்கிக்கொண்டது. டார்பிடோ கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தது போல வளைந்து திரும்பி, நேராக நூற்று நான்கைப் பார்த்து வந்தது. விட்ஸ்கோ மண்டியிட்டு நேர்ந்துகொண்டது அப்போதுதான். அது படகின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்து, பின்னாலிருந்த பாறையில் போய் வெடித்தது. அதற்குள் சரக்குக் கப்பல் முனையைத் தாண்டி மறைந்துவிட்டது. வெடித்ததும் உண்மை, கப்பலைக் காணோம் என்பதும் உண்மை. படகுக்குத் தலைவரான லெப்டினென்ட் அறிக்கையில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டார். பதக்கம் வருகிறபோது யார் வாயைத் திறப்பார்கள்? அது ஏன் திரும்பியது என்பது மட்டும் விட்ஸ்கோவுக்கும், அவன் கம்பி முறுக்கியதைப் பார்த்துவிட்ட பாஷ்கோவுக்கும்தான் தெரியும்.

"கையெழுத்துப் போடறேண்ணே. ஆனா அந்தக் கம்பியையும் வரையணும். மாதாவை டார்பிடோ வால்ல கட்டுனா, அவ திரும்பி வராம எங்க போவா?"

"ஊரே சிரிக்கும்டா."

"வெறுஞ்சுவத்தைப் பாத்து ரெண்டு வருஷமா முதுகுக்குப் பின்னால சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. முன்னால சிரிச்சுட்டுப் போகட்டுமே."

விட்ஸ்கோ படத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் பக்கத்து நகரமான கோட்டோரில் தட்டாரிடம் பதக்கத்தை உருக்கக் கொடுத்தான். படத்தைப் புதிதாக வரைந்திருந்தான்.

திருவிழா அன்று படகுகளெல்லாம் வரிசையாகக் கயிறு பிணைத்துப் போய், தீவைச் சுற்றி, அது கரையாமலிருக்க வழக்கம்போல் கல் போட்டுவிட்டு, ஊர் மொத்தமும் கோயிலுக்குள் நெருக்கியடித்து நின்றது. தோன் ஸ்ரெச்கோ துணியை விலக்கினார். தகட்டில் சரக்குக் கப்பலே இல்லை. ஒரு படகு, நாற்பது குட்டி மனிதர்கள், படகிலிருந்து புறப்பட்டு வட்டமடித்துப் படகுக்கே வருகிற ஒரு மீன். மீனின் வாலில் ஒரு கம்பி, கம்பியில் ஒரு சுரூபம்.

புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் சிரித்தது கிழட்டு கேப்டன் தோஞ்சி. அப்புறம் அடக்க முடியவில்லை, பீடத்துப் பையன்கள் வரை சிரித்தார்கள். விட்ஸ்கோ தலையைக் குனியவில்லை.

"நான்தான் கட்டுனேன். இதே கையால. அவ காப்பாத்துனா."

தோஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தகட்டருகே போய் உற்றுப் பார்த்தார். படகின் அடிக்கும் டார்பிடோவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். ஒரு சாண் என்றான் விட்ஸ்கோ. அவர் சிரிப்பை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

ஃபிலே அன்று மாலையே பெட்டியைக் கட்டினாள். லூக்காவின் கழுத்தில் மாதா சுரூபம் ஒன்றைப் போட்டுவிட்டு, கப்பலில் எந்தச் சாமானிலும் அதைக் கட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

படித்துறைக் கடையில் இப்போது சரக்குக் கப்பல் பேச்சே இல்லை. விட்ஸ்கோ குவளையை எடுத்தால் போதும், டார்பிடோவைச் சொல்லச் சொல்லி ஊரே கேட்கிறது. திருவிழாவில் ஒரு சுற்றுச் சுற்றிய டார்பிடோ, அத்திப்பழம் காயப்போடுகிற நாளுக்குள் மூன்று சுற்றுக்கு வந்துவிட்டது. பாஷ்கோவைக் கேட்டால், தான் கையெழுத்துப் போட்டது ஒரு சுற்றுக்கு மட்டும்தான் என்கிறான்.