சரக்கு லிஃப்ட்டில் ஒரு மதிப்பீடு

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் மாரப்பன் தன் பெரிய டிரம்மை ஒரே ஒரு மிதி மிதித்தார். மூன்று நாளாகப் போயிருந்த கரண்ட் ஊர் முழுக்க வந்துவிட்டது. இது மாரப்பன் சொன்னது. சில நாள் எண்பத்து மூன்றாம் வருஷம் என்பார், சில நாள் எண்பத்தைந்து என்பார். வருஷம்தான் மாறும். மிதி எப்போதும் ஒன்றுதான்.

“ஒரே மிதிங்க அம்மிணி. அந்த வெளிச்சத்துலதான் மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சிய மொதல் தடவையா நல்லாப் பாத்தான். பாத்துட்டு, ‘மறுக்கா ஆஃப் பண்ணுங்’கறான்.”

நாகஜோதி சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டில் ஒரு வரி எழுதினாள். மாரப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ‘வரலாறு: சொந்தக்காரர் வாய்ச்சொல். சாட்சி இல்லை.’

“சாட்சி இல்லீங்களா? தாராபுரமே சாட்சிங்க!”

“தாராபுரத்தக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார், சேத்துக்கிறேன். நான் என் கண்ணால பாத்தத மட்டும்தான் எழுதுவேன்.”

மதுரைப் பக்கத்துக்காரி. கோயம்புத்தூரில் வாத்தியக் கடை வைத்திருந்தாள். பழைய வாத்தியங்களுக்கு அவள் மதிப்புப் போட்டு எழுதிக் கொடுக்கும் தாளை நம்பி, பொருளைப் பார்க்காமலே பணம் அனுப்புகிறவர்கள் உண்டு. ஊட்டியில் அப்படி ஒருவர் இருந்தார். பழைய டிரம்களாகச் சேர்க்கிறவர். ஆனால் அவருக்கு இரண்டில் ஒன்று வேண்டும்: பழைய தோல் கிழியாமல் இருக்க வேண்டும், அல்லது சாட்சியோடு ஒரு கதை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் மரப்பெட்டி என்பார்.

மாரப்பனுக்கு அந்தத் தாள் இன்றைக்கே வேண்டும். சாயப்பட்டறையில் நாற்பது வருஷம் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ராத்திரிகளில் மெல்லிசைக் குழுவில் டிரம் அடித்தார். ஆனைமலை எஸ்டேட் கிளப் ஒன்று மூடியபோது ஏலத்தில் எடுத்த இங்கிலாந்து செட் அது. இத்தனை வருஷமும் மகன் தங்கதுரையின் பனியன் கம்பெனி நாலாவது மாடியில் கிடந்தது. இப்போது அந்த அறையில் புதுத் தையல் மெஷின்கள் வரப்போகின்றன. “ஆறு மணிக்குப் பழைய இரும்புக் கடை வண்டி வருதுங்கப்பா. அதுக்குள்ள அது விலைபோற சாமான்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நிறுத்தறன். இல்லாட்டிப் பித்தளை தனி, இரும்பு தனி, மரம் அடுப்புக்கு” என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை உடுமலைக்குப் போய்விட்டான்.

நாலாவது மாடியில் வெளிச்சம் போதவில்லை, கீழே வெயிலுக்குக் கொண்டு போக வேண்டும் என்றாள் நாகஜோதி. வாட்ச்மேன் இசக்கிமுத்து செட்டைச் சரக்கு லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு, படி வழியாக டீ குடிக்க இறங்கினான். இவர்கள் இருவரும் டிரம்களோடு லிஃப்ட்டில் நின்றார்கள். கம்பிக் கதவு மூடியது. லிஃப்ட் ஒரு மாடி இறங்கி, இன்னும் பாதி இறங்கி, பெருமூச்சு விட்டு நின்றது. விளக்கு அணைந்தது.

சரியாக ஒன்பது மணி.

அங்கே இருந்த இருட்டைப் பாளம் பாளமாக வெட்டிச் சாயத்தொட்டியில் போட்டிருந்தால் பத்து டன் துணிக்குக் கறுப்பு ஏற்றியிருக்கலாம். கம்பிக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர்.

“இப்ப வந்துரும்ல சார்?”

மாரப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலையில் பேப்பரில் ‘மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை’ என்று வாய்விட்டுப் படித்தவரே அவர்தான். அதற்காகத்தான் கம்பெனிக்கே லீவு.

“இன்னிக்கு ஷட்டவுனுங்க அம்மிணி.”

“எது வரைக்கும்?”

“அஞ்சு மணி.”

 இருவரும் சேர்ந்து கத்தினார்கள். “இசக்கீ!” என்று மாரப்பன் போட்ட சத்தம் செங்கல் சுவரில் முட்டி அவர் காதுக்கே திரும்பி வந்தது. செல்போன்களில் சிக்னல் இல்லை. கம்பிக் கதவை அசைத்துப் பார்த்தார்கள், அசைந்தது, திறக்கவில்லை. தகரச் சுவரைக் கையால் தட்டினார்கள். ஏதோ தட்டுமுட்டுச் சாமான் உருள்கிற மாதிரிதான் கேட்டது.

“சரி, வந்த வேலையப் பாக்கிறேன்” என்று நாகஜோதி செல்போன் விளக்கைப் போட்டாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் டிரம் டிரம்மாக முகர்ந்தாள், தடவினாள், விரலால் விளிம்பைச் சுற்றி வந்தாள். பித்தளை வில்லையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். பெரிய டிரம்முக்கு வந்தபோது அவள் மூச்சு நின்றது மாரப்பனுக்குக் கேட்டது.

“இது கன்னுக்குட்டித் தோலு சார். செட்டோட வந்த தோலு. அறுபது வருஷமிருக்கும். எப்படிக் கிழியாம இருக்கு?”

“என்ற மிதிக்கு அதுவே பயந்துதான் கிழியாம இருக்குதுங்க.”

முன்பக்கத் தோல் எப்போதோ போய்விட்டது. அந்தத் திறந்த வாய் வழியாக மாரப்பன் பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை, அமுக்கி அமுக்கித் திணித்து வைத்திருந்தார். ஈரம் ஏறாமல் இருக்க.

“இந்தத் தோலு இருக்கிற வரைக்கும் ஊட்டிக்காரர் கண்ண மூடிட்டு வாங்குவாரு. ஆனா யாரும் இதத் தொடக் கூடாது. காஞ்ச அப்பளம் மாதிரி இருக்கு. ஒரு அடி பட்டாலும் போச்சு.”

மாரப்பன் சந்தோஷத்தில் அந்த இருட்டிலேயே ஒரு சுற்று பருத்தார். பிழைத்தது செட். இனி ஐந்து மணி ஆனால் என்ன, ஐந்து வருஷம் ஆனால் என்ன!

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. நாகஜோதி உட்கார்ந்தாள், எழுந்தாள். இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினாள். தகரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, மயக்கமா வருதுங்களா?”

“இல்ல.”

“தண்ணி தாகமுங்களா?”

“தண்ணிப் பேச்சே எடுக்காதீங்க சார்!”

அப்போதுதான் மாரப்பனுக்குப் புரிந்தது. காலையில் அவர் வீட்டுக்காரி மாரக்காள் வந்தவளை விடவே இல்லை. “அட, குடி கண்ணு, நம்ம தோப்புக் காயி” என்று மூன்று இளநீர். அதன் மேல் ஒரு சொம்பு மோர். உடுமலைத் தோப்பில் பாதி இப்போது லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது.

மாரப்பன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கோ எழுபத்தொரு வயது, சர்க்கரை வேறு. அந்தப் பேச்சு வந்ததிலிருந்து அவருக்கும் அதே நினைப்புத்தான். இன்னும் ஆறரை மணி நேரம்.

“சத்தம் வெளிய கேக்கற சாமான் இதுக்குள்ள ஒண்ணுதானுங்க இருக்குது” என்றார் மெதுவாக.

“கூடாது. சின்ன டிரம்ம அடிங்க.”

அடித்தார். சின்ன டிரம்களின் தோல் தொய்ந்து கிடந்தது. குடையில் தூறல் விழுந்த மாதிரி இருந்தது. தாளத்தட்டு விரிசல் விட்டிருந்தது. எச்சில் தட்டு மாதிரிச் சத்தம் போட்டது. யாரும் வரவில்லை.

நாகஜோதி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மாரப்பன் பெரிய டிரம்மின் மிதிகட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மிதித்தால் செட் இரும்புக் கடைக்குப் போகும். மிதிக்காவிட்டால் இந்தப் பிள்ளையின் மானம் போகும். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு அவள் சொன்னாள். “மிதிங்க சார்.”

“தோலு?”

“தோலு கெடக்கட்டும். மிதிங்க!”

சத்தம் அமுங்காமல் இருக்க இருவரும் டிரம்முக்குள் கைவிட்டு வேஸ்ட்டை இழுத்தார்கள். சிவப்பு, பச்சை, கோடு போட்டது, ஏற்றுமதியில் திரும்பியது. இழுக்க இழுக்க வந்தது. இங்கிருந்து பல்லடம் வரை விரித்திருக்கலாம். லிஃப்ட்டில் முழங்கால் வரை துணி. மாரப்பன் அதையே குவித்து உட்கார்ந்து, மிதிகட்டையில் கால் வைத்தார்.

முதல் மிதி. லிஃப்ட் கம்பிகள் சிலிர்த்தன. இரண்டாவது. செங்கல் தூள் கொட்டியது. மூன்றாவதில் அவருக்கு முட்டி வலி மறந்தது. நாலாவதில் வயது மறந்தது. ஐந்தாவதில் கால் முழுதாக இறங்கியது; தோல் விளிம்பிலிருந்து விளிம்பு வரை கிழிந்து, வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அடங்கவில்லை, விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கத் தொடங்கியது.

நாகஜோதி விளக்கைப் பார்த்தாள். மாரப்பனைப் பார்த்தாள். கம்பிக் கதவு திறந்ததும் இரண்டையும் மறந்து, கம்பெனியை ஒட்டியிருந்த மாரப்பன் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

மாரப்பனும் ஒரு நடை போய் வந்தார். வந்து பார்த்தால் கிழிந்த டிரம் லிஃப்ட்டுக்குள் விழுந்த வெயிலில் வாயைப் பிளந்து நின்றது. ஜெனரேட்டர் அறையிலிருந்து இசக்கிமுத்து காதில் பாட்டுக் கேட்கிற ஒயரோடு வந்தான்.

“டேய் இசக்கி, சத்தம் கேட்டுத்தான போட்ட?”

“என்ன சத்தம் முதலாளி? செல்லுல சார்ஜ் தீந்துட்டு. அதுக்குல்லா ஜெனரேட்டரப் போட்டேன். தங்கதுரை முதலாளிட்டச் சொல்லிராதிய.”

ஒரு செல்போனுக்காக ஊரையே எழுப்பும் ஜெனரேட்டர். மாரப்பன் அவனைத் திட்டவில்லை. கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, செய்யவில்லை. டிரம் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோல் போய்விட்டது. ஆறு மணிக்கு வண்டி வரும்.

நாகஜோதி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாற்காலி இழுத்துப் போட்டு வெகுநேரம் எழுதினாள். ‘சாட்சி இல்லை’ என்ற வரியை அடித்தாள். பக்கத்தில் சாட்சியாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளைப் படம் எடுத்து ஊட்டிக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: ‘கிழிந்த தோலோடு அப்படியே அனுப்புங்கள். தைக்க வேண்டாம்.’

உடனே தங்கதுரைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் சிரிப்பு கேட்டது.

“ஏனுங்க மேடம், எங்கப்பா அந்தக் கரண்ட் கதையச் சொல்லி உங்களையும் ஏமாத்திட்டாருங்களா? அதெல்லாம் நம்பாதீங்க.”

“நானும் நம்பலங்க. நாலு மிதி வரைக்கும் நம்பல.” நாகஜோதி கிழிந்த தோலை ஒரு முறை தடவிப் பார்த்தாள். “அஞ்சாவதுல வந்துச்சுங்க. நான் உள்ளதான் இருந்தேன்.”